டோக்கன் அக்காவும் ஒன்பதாவது கேள்வியும்

சம்பளப் பட்டியலில் அவளுக்கு நீளமாக ஒரு பெயர் உண்டு. ஆனால் அந்த மருத்துவமனையில் அந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டவர் யாருமில்லை. டாக்டரிலிருந்து தரை துடைக்கிறவர் வரை எல்லோருக்கும் அவள் டோக்கன் அக்காதான். அவளைவிடப் பத்து வயது மூத்த வாசல் காவலாளிகூட, “அக்கா, டீ வந்திருச்சு” என்றுதான் குரல் கொடுப்பார். “உங்களுக்கு நான் எந்த வகையில அக்கா?” என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தாள். “டோக்கன் குடுக்கிறவங்க யாரா இருந்தாலும் அக்காதான், அதுல வயசு எங்க வந்துச்சு” என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார்.

இருபத்து நான்கு வருஷ வேலை. முதல் பதினெட்டு வருஷம் எலும்பு முறிவுப் பிரிவின் பதிவு ஜன்னலில். உடைந்த காலோடும் தொங்கும் கையோடும் நிற்கிறவர்களிடம் ஊர்க்கதை கேட்டுக்கொண்டிருக்க முடியுமா? பெயர், வயது, எந்தக் கை, இந்தா சீட்டு, அடுத்த ஆள். மணி பன்னிரண்டு அடிப்பதற்குள் வரிசையைத் துடைத்துவிட்ட மாதிரி காலி செய்துவிடுவாள். அங்கே வேகம்தான் இரக்கம். அவளுடைய கைவேகத்தைப் பார்த்துவிட்டுத்தான் ஆறு வருஷத்துக்கு முன்னால், கூட்டம் தாங்காமல் திணறிக்கொண்டிருந்த மனநலப் பிரிவுக்கு அவளை மாற்றினார்கள்.

மாற்றிய மூன்றாம் மாதமே அங்கேயும் வரிசை பறந்தது. கண் பரிசோதனைக்கு வந்த ஒருவர், இந்த வரிசை சீக்கிரம் நகர்கிறதே என்று இங்கே நின்று, படிவமெல்லாம் நிரப்பி, டாக்டர் அறை வாசல் வரைக்கும் போய்விட்டார். “தூக்கம் வருதான்னு கேட்டாங்க, வருதுன்னேன். கண்ணை எப்போ பார்ப்பீங்க?” என்று அவர் கேட்டதைப் பிரிவு முழுவதும் ஒரு வாரம் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

அந்தப் படிவத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு பக்கத் தாள், ஒன்பது கேள்விகள். கடந்த இரண்டு வாரத்தில் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது மனசு ஒட்டுகிறதா என்று வரிசையாகப் போகும். ஒவ்வொன்றுக்கும் நான்கு கட்டம்: இல்லவே இல்லை, சில நாள், பாதி நாளுக்கு மேல், தினமும். ஒன்பதாவது கேள்வி கொஞ்சம் வேறு மாதிரி. செத்துப்போனால் தேவலை என்றோ, தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளலாம் என்றோ நினைத்ததுண்டா என்று அது கேட்கும். அதில் ‘இல்லவே இல்லை’ தவிர வேறு எந்தக் கட்டத்தில் குறி இருந்தாலும் படிவத்தோடு ஒரு சிவப்புச் சீட்டைக் குத்தி, அன்றைக்கே, அந்த மணியிலேயே, உள்ளே இருக்கும் சிஸ்டரிடம் அனுப்பிவிட வேண்டும். மற்றவர்களுக்கு முறைப்படி தேதி. அது ஒரு மாதமும் ஆகும், ஒன்றரை மாதமும் ஆகும். விதி இவ்வளவுதான். ஜன்னலுக்கு உள்பக்கம் ஒரு அட்டையில் எழுதியும் ஒட்டியிருந்தது.

முதல் இரண்டு வருஷம் அக்கா அந்த அட்டையில் உள்ளபடிதான் செய்தாள். ஒருநாள் பதினோரு சிவப்புச் சீட்டு விழுந்தது. பெரும்பாலும் பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள். சாப்பிடக்கூட எழுந்திருக்காத டாக்டரம்மா நாலு மணிக்குக் கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்து, “என்னக்கா, இன்னிக்கு எல்லாமே செவப்பா?” என்று சிரித்தபடி கேட்டார். அலுப்பில் வந்த வார்த்தை. சொன்னவர் அதை அங்கேயே மறந்திருப்பார். அக்காவுக்கு அது உள்ளே போய்த் தைத்துக்கொண்டது. தன்னால்தான் டாக்டரம்மாவுக்கு இவ்வளவு பாடு என்று எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் ஒரு கல்லூரி மாணவன் ஒன்பதாவதில் ‘சில நாள்’ போட்டிருந்தான். அக்கா படிவத்தைத் திருப்பி அவனிடமே காட்டி, “நிஜமாவாப்பா, இல்ல சும்மா போட்டியா?” என்றாள். அவன் பல்லைக் காட்டிச் சிரித்து, “சும்மாதான்க்கா” என்றான். “அப்போ அடிச்சு மாத்திப் போடு” என்று ஜன்னல் பேனாவை நீட்டினாள். டாக்டரம்மாவுக்கு அரை மணி நேரம் மிச்சம் பிடித்துக் கொடுத்த திருப்தியோடு அன்றைக்கு வீட்டுக்குப் போனாள்.

அப்படித்தான் அது பழக்கமானது. குறி அழுத்தமாக இருந்தால், முகம் வாடியிருந்தால், சிவப்புச் சீட்டு. கொஞ்சம் தெளிவாக நிற்கிற பிள்ளையாக இருந்தால் அந்தக் கேள்வி. யார் நிஜம், யார் சும்மா என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும் என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. எத்தனை வருஷம், எத்தனை முகம் பார்த்தாயிற்று!

கண்ணாடிக் கடைப் பெண் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. இருபது வயதுக்கு மேல் இருக்காது. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை. கடையின் நீலக் கோட்டைக் கழற்றாமலே வந்திருந்தாள். மேல்பையில் ஊசி மாதிரி மெல்லிய திருப்புளி ஒன்று. காலை வேலைக்கு நடுவே ஒரு மணி நேரம் அனுமதி கேட்டு, எங்கே என்று யாரிடமும் சொல்லாமல், தனியாக வந்திருந்தாள். பெஞ்சில் உட்காராமல் சுவரோரம் நின்றே ஒவ்வொரு கேள்வியையும் படித்து நிரப்பினாள். அவள் முறை வரும்போது பின்னால் பதினாலு பேர்.

ஜன்னல் தடித்த கண்ணாடி. உள்ளே ஒரு மைக், வெளியே ஒரு ஸ்பீக்கர். அக்கா பேசினால் மூன்றாவது பெஞ்சு வரைக்கும் தெளிவாகக் கேட்கும்.

“ஒன்பதாவதுல ‘பாதி நாளுக்கு மேல’ன்னு போட்டிருக்கியேம்மா. செத்துப்போகணும்னு நினைக்கிறியா? நிஜமாவா, சும்மா போட்டியா?”

கூடத்தில் பேச்சு சட்டென்று நின்றது. பின்னால் நின்ற ஒரு அம்மாள் தன் மகனின் தோளைப் பிடித்துக் கொஞ்சம் தள்ளி நிறுத்தினாள். அந்தப் பெண் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். காதுமடல் வரைக்கும் சிவந்துவிட்டது.

“தப்பா போட்டுட்டேன்க்கா.”

“அதானே பார்த்தேன். பார்க்க நல்லாத்தானே இருக்க. இந்தா, அடிச்சுட்டு மாத்திப் போடு.”

பெண் அடித்தாள். முதல் கட்டத்தில் குறி போட்டாள். அக்கா நாற்பது நாள் கழித்து ஒரு தேதி எழுதிச் சீட்டைத் தள்ளினாள். பெண் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“இதுக்கு முன்னாடி எதுவும் இல்லையாக்கா?”

“இருந்தா குடுக்க மாட்டேனா? அடுத்து யாரு, வாங்க.”

அன்றைக்கும் பன்னிரண்டே காலுக்கு வரிசை முடிந்தது.

பத்தொன்பது நாள் கழித்துக் காலையில் சிஸ்டர் பதிவு அறைக்குள்ளேயே வந்து நின்றார். வழக்கமாக அவர் அங்கே வருவதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் போனில் கேட்பார்.

“ஒரு ஃபைல் வேணும்க்கா. கண்ணாடிக் கடையில வேலை பார்க்கிற பொண்ணு. நேத்து மத்தியானம் பக்கத்துக் கட்டடத்துல அட்மிட் ஆயிருக்கா. கூடத் தங்கியிருக்கிற பொண்ணு நல்லவேளையா சீக்கிரம் வீட்டுக்கு வந்திருக்கு. உயிருக்கு ஒண்ணும் இல்ல. நம்ம சீட்டு ஒண்ணு பையில இருந்துச்சாம்.”

எந்த அலமாரி, எந்த வரிசை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிறவள், அந்த ஃபைலை எடுக்கப் பத்து நிமிஷம் தடவினாள். சிஸ்டர் அங்கேயே பிரித்துப் பார்த்தார். விரல் ஒன்பதாவது கேள்வியில் நின்றது.

“‘பாதி நாளுக்கு மேல’ன்னு போட்டு அடிச்சிருக்கே. யாரு அடிச்சது?”

“அவதான் அடிச்சா” என்றாள் அக்கா.

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. அதுதான் அவளை அன்று முழுக்க வதைத்தது. சிஸ்டர் தலையாட்டிவிட்டுப் போன பிறகு ஜன்னலைத் திறந்தாள். அன்றைக்கு வந்தவர்களிடம் பெயரை இரண்டு முறை கேட்டாள். டீ ஆறிப்போய் ஆடை கட்டியது.

சாயங்காலம் வீட்டில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவள் கணவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். கையில் கிரீஸ் போகத் தேய்த்துக்கொண்டே சமையலறை வாசலில் வந்து நின்றவர், அவள் முகத்தைப் பார்த்ததும் குழாயை மூடினார். அவள் ஒன்றும் விடாமல் சொன்னாள்.

“நீ என்ன டாக்டரா? அந்தப் பொண்ணுதானே தப்பா போட்டுட்டேன்னு சொன்னா. நீ எப்படிக் கண்டுபிடிப்ப?” என்றார் அவர்.

“டாக்டர் இல்லைங்க. அதனாலதான் நான் கேட்டிருக்கவே கூடாது. சீட்டைக் குத்தி உள்ள அனுப்பறது மட்டும்தான் என் வேலை.”

“சரி, ஒரு தடவை வாய் தவறிடுச்சு...”

“ஒரு தடவை இல்ல.”

அவர் கையைத் துடைத்துக்கொண்டார். தட்டில் சாப்பாடு போட்டு அவள் மடியில் வைத்தார். அவள் ரெண்டு வாய் சாப்பிட்டுவிட்டுத் தட்டைக் கீழே வைத்தாள்.

மறுநாள் சிஸ்டர் வேலைக்கு வருவதற்கு முன்பே அக்கா அவர் அறை வாசலில் நின்றாள். “நேத்து நான் பாதிதான் சொன்னேன்” என்று ஆரம்பித்தாள். மைக், கேள்வி, ‘பார்க்க நல்லாத்தானே இருக்க’ என்று சொன்னது, எல்லாவற்றையும் சொன்னாள். சிஸ்டர் கோபக்காரர் இல்லை. அன்றைக்கு அவர் முகம் இறுகிவிட்டது.

“எல்லாருக்கும் முன்னாடியா கேட்டீங்க? அதுவும் மைக்ல?”

அக்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

“இப்படி எத்தனை பேர்கிட்ட கேட்டிருப்பீங்க?”

“பார்த்துச் சொல்றேன்” என்றாள்.

பதிவேட்டு அறையில் இரண்டு வருஷத்துப் படிவங்கள்தான் இருக்கும். அதற்கு முந்தியதைக் கட்டிப் பழைய கட்டடத்துக்கு அனுப்பிவிடுவார்கள். நான்கு நாள் சாப்பாட்டு இடைவேளையில் அவள் அங்கே போய்த் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கட்டாக அவிழ்த்தாள். ஒன்பதாவது கேள்வியில் அடித்துத் திருத்தியவற்றை மட்டும் தனியே எடுத்தாள். சிலர் தாங்களாகவே யோசித்துத் திருத்தியிருப்பார்கள். அதை எப்படிப் பிரிப்பது? பிரிக்க வழி இருந்தது. பெஞ்சுகளில் கிடக்கும் பேனாக்கள் நீல மை. ஜன்னலில் நூல் கட்டித் தொங்கும் பேனா மட்டும் பச்சை. யாரும் எடுத்துக்கொண்டு போய்விடக் கூடாதென்று அக்காவே வாங்கிக் கட்டியது. குறி நீலத்தில் இருந்து, அடித்தது பச்சையில் இருந்தால் அது ஜன்னலில் நடந்தது. அவள் கண்ணெதிரே, அவள் சொல்லி நடந்தது.

கண்ணாடிக் கடைப் பெண்ணுடையது போக, முப்பத்தொன்று.

அவற்றில் இருபத்திரண்டு பேர் கொடுத்த தேதிக்கு வந்திருந்தார்கள்; டாக்டரம்மாவின் கையெழுத்து இருந்தது. ஒன்பது பேர் வரவே இல்லை. அந்த ஒன்பது தாளையும் மடியில் வைத்துக்கொண்டு முகங்களை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தாள். ஒரே ஒரு முகம்தான் வந்தது. துணி துவைக்கும் கடையில் இஸ்திரி போடுகிற பையன். முழங்கையில் சூடு பட்ட பழைய தழும்பு. ‘தினமும்’ என்று போட்டிருந்தான். “சும்மாவாப்பா?” என்று கேட்டதும், “ஆமாக்கா, விளையாட்டுக்கு” என்று அவளைவிடப் பெரிதாகச் சிரித்தான். அவளும் கூடச் சேர்ந்து சிரித்தாள். ‘தினமும்’ என்று போட்ட பிள்ளையோடு சேர்ந்து சிரித்திருக்கிறோமே என்று அந்தத் தாளை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள்.

முப்பத்தொரு தாளையும் டாக்டரம்மாவின் மேஜையில் கொண்டுபோய் வைத்தாள். வேலை போனாலும் போகட்டும் என்று முடிவு செய்துகொண்டுதான் போனாள். டாக்டரம்மா ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார்.

“ஏன்க்கா?” என்றார் கடைசியில்.

அக்கா ‘எல்லாமே செவப்பா’ என்ற அந்த நாளைச் சொன்னாள். பழியைத் தள்ளிவிடுகிற மாதிரி ஆகிவிடுமோ என்று பயந்து பயந்துதான் சொன்னாள். டாக்டரம்மாவுக்கு அப்படிச் சொன்ன நினைவே இல்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“அப்போ இதுல எனக்கும் பங்கு இருக்கு. இருங்க, நீங்க அழுறதுக்கு இப்போ நேரமில்ல. கேக்கறது தப்பில்லக்கா. கேட்டா அந்த நினைப்பு புதுசா வந்துடாது. பாதிப் பேர் யாராவது கேக்க மாட்டாங்களான்னுதான் இங்க வர்றாங்க. ஆனா ‘இல்ல’ன்னு பதில் சொல்ல வைக்கிற மாதிரி கேக்கக் கூடாது. நீங்க அதைத்தான் கேட்டிருக்கீங்க. நானும் உங்களை அப்படித்தான் கேட்டிருக்கேன் போல.”

அன்றைக்கே ஒன்பது பேருக்கும் போன் போடுவதென்று முடிவானது. எண்ணை அழுத்துவது அக்கா, பேசுவது சிஸ்டர். வீட்டில் வேறு யாராவது எடுத்தால், தேதி தவறியிருக்கிறது, புதுத் தேதி தருகிறோம் என்று மட்டும் சொல்ல வேண்டும். ஒருத்தி, “இப்போ பரவாயில்ல சிஸ்டர், வேற எடத்துல பார்த்துட்டிருக்கேன்” என்றாள். ஒருவன் எடுத்ததுமே துண்டித்தான். பிறகு தானே கூப்பிட்டான். இன்னொருவன் ஒன்றும் பேசாமல் மூச்சு மட்டும் விட்டுக்கொண்டிருந்தான். சிஸ்டரும் அவசரப்படாமல் காத்திருந்தார். “நாளைக்கு வரலாமா?” என்றான். “இன்னிக்கே வா தம்பி, நான் இருக்கேன்” என்றார் சிஸ்டர். அவன் வந்தான். எட்டுப் பேர் கிடைத்தார்கள். இஸ்திரிக் கடைப் பையனின் எண் மட்டும் உபயோகத்தில் இல்லை.

கண்ணாடிக் கடைப் பெண்ணைப் பார்க்க அக்கா தானாகப் போகவில்லை. சிஸ்டர் மூலம் கேட்டனுப்பினாள். “அவ வேண்டாம்னா நீங்க வரக் கூடாது” என்று சிஸ்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் வரச்சொல்லி ஆள் வந்தது.

பெண் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்து ஸ்டூலில் அவளோடு தங்கியிருக்கும் தோழி. அக்காவைப் பார்த்ததும் தோழி எழுந்து வெளியே போனாள். போகும்போது பார்த்த பார்வையில் சூடு இருந்தது.

“உக்காருங்கக்கா” என்றாள் பெண்.

அக்கா உட்காரவில்லை.

“நான் அன்னிக்கு அப்படிக் கேட்டிருக்கக் கூடாதும்மா. உன்னை அன்னிக்கே உள்ள அனுப்பியிருக்கணும். அதுதான் என் வேலை. நான் செய்யல.”

பெண் போர்வையின் நுனியை மடித்து மடித்துப் பிரித்தாள்.

“நீங்க கேட்டதாலதான் எல்லாம்னு நான் சொல்ல மாட்டேன்க்கா. அதுக்கு முன்னாடியே நிறைய இருந்துச்சு. ஆனா அங்க வர்றதுக்கு எனக்கு ரெண்டு மாசம் ஆச்சு. மூணு தடவை வாசல் வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருக்கேன். நாலாவது தடவை உள்ள வந்தேன். நீங்க ‘பார்க்க நல்லாத்தானே இருக்க’ன்னு சொன்னீங்கல்ல? அப்போ, சரி, நான்தான் பெருசு பண்றேன் போலன்னு தோணுச்சு.”

அக்காவின் கண் நிறைந்து வழிந்தது. துடைத்துக்கொள்ளவும் கூச்சமாக இருந்தது. இங்கே அழ வேண்டியவள் நானில்லையே என்று இருந்தது.

“தனியா கேட்டிருந்தா சொல்லியிருப்பியாம்மா?”

“தெரியலக்கா. சொல்லியிருப்பேன்னு நினைக்கிறேன்.” பிறகு, “மன்னிச்சுட்டேன்னு நான் சொல்லணுமா? இப்போ என்னால சொல்ல முடியல” என்றாள்.

“வேண்டாம். நான் அதைக் கேக்க வரல.”

அது உண்மைதான் என்றாலும் முழு உண்மை இல்லை என்பது மாடிப்படி இறங்கும்போது அவளுக்கே தெரிந்தது.

நிர்வாகத்திலிருந்து எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது. அக்கா கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டாள். கணவர் அதைப் படித்துவிட்டு, “இவ்வளவுதானா? போகட்டும் விடு” என்றார். “இவ்வளவுதானான்னுதான் எனக்கும் இருக்கு” என்றாள் அவள்.

இப்போதெல்லாம் மனநலப் பிரிவில் அந்தப் படிவத்தை ஜன்னலில் வாங்குவதில்லை. பக்கத்திலிருந்த சாமான் அறையைக் காலி செய்து இரண்டு நாற்காலி போட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவராக அங்கே போய் நிரப்பி, மடித்து, சிஸ்டர் கையில் கொடுக்க வேண்டும். அக்கா பெயரும் வயதும் எழுதிக்கொள்வதோடு சரி. மைக்கையும் கழற்றியாயிற்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் நின்றுதான் பேசுகிறாள். வரிசை இரண்டு மணி வரைக்கும் நீள்கிறது. “முன்னெல்லாம் எவ்வளவு சீக்கிரம் முடியும், இப்போ இந்தம்மாவுக்கு வயசாயிருச்சு” என்று முணுமுணுக்கிறவர்கள் உண்டு. “அக்கா, உங்க எக்ஸ்பிரஸ் பாசஞ்சர் ஆயிருச்சே!” என்று காவலாளி கேலி செய்கிறார். அவள் அடுத்தவரின் பெயரைக் கேட்கிறாள்.

கண்ணாடிக் கடைப் பெண் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை டாக்டரம்மாவிடம் வருகிறாள். பாதி நேர வேலைக்குத் திரும்பியிருக்கிறாள். நல்ல நாளும் உண்டு, எழுந்திருக்கவே முடியாத நாளும் உண்டு என்று சிஸ்டர் சொன்னார். சில நாள் அக்காவைப் பார்த்துத் தலையசைப்பாள். சில நாள் பார்க்காத மாதிரி போய்விடுவாள். இரண்டும் அவள் இஷ்டம் என்று அக்கா குனிந்து எழுதிக்கொண்டிருப்பாள்.

இஸ்திரிக் கடைப் பையனின் முகவரிக்குக் கடிதம் போட்டார்கள். அப்படி யாரும் அங்கே இல்லையென்று திரும்பி வந்தது. சமூகநலப் பணியாளர் ஒருவர் நேரில் போய் விசாரித்தார். கடையே மாறிப்போயிருந்தது, குடும்பம் வீட்டைக் காலி செய்துகொண்டு போய் ஒரு வருஷம் ஆகிறது, எங்கே என்று யாருக்கும் தெரியாது என்றார்கள். அதற்குமேல் செய்ய ஒன்றுமில்லை என்று ஃபைலை மூடிவிட்டார்கள்.

“வீட்டை மாத்திட்டுப் போனா நல்ல காரணத்துக்காகவும் இருக்கலாம்தானே? வேற வேலை, பெரிய வீடு?” என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை துணி மடித்துக்கொண்டே கணவரிடம் கேட்டாள்.

“இருக்கலாம்” என்றார் அவர். பிறகு, “இருக்கும்” என்றார்.

அவள் சட்டையின் கையை நீவிவிட்டு மடித்து வைத்தாள். அடுத்ததை எடுத்தாள்.